பச்சைமலை அடிவாரத்துச் சோற்றுக்கணக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் இருப்புப்பாதையில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகள் நீண்டகாலம் தங்கி ஓய்வும் காற்றும் உணவும் பெறும் இல்லத்தைக் குறிக்கும் அந்தச் சொல், பச்சைமலையின் அடிவாரத்தில் 1928இல் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவமனையிலிருந்து வந்து, காலப்போக்கில் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த மருத்துவமனை இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது, காசநோய், எச்.ஐ.வி., கொரோனா என்று உலகம் முழுவதும் பரவிய மூன்று தொற்றுகளின் நோயாளிகளும் அதன் படுக்கைகளில் கிடந்திருக்கிறார்கள். கிருமி எல்லாரையும் தொட்டாலும் எல்லாரையும் சாய்ப்பதில்லை என்பதும், யாரைச் சாய்க்கிறது என்பதில் அவர் உண்ட உணவுக்கும் அவருடைய உடல் அந்த உணவைக் கையாண்ட விதத்துக்கும் பெரும்பங்கு உண்டு என்பதும் அங்கே திரும்பத் திரும்பக் காணக் கிடைத்த உண்மைகள். ஆயினும் மருத்துவம் இந்த உண்மையை ஒருமுறை அறிந்து என்றென்றைக்கும் கைக்கொண்டுவிடவில்லை. அறிந்தது, ஒதுக்கியது, மீண்டும் தேடிச் சென்றது. தென்சென்னைப் புறநகரின் நோய் வரலாறு பெருமளவு இந்தப் போக்குவரத்தின் வரலாறே.

சானடோரியம் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தக் கேள்வி சென்னை மாகாணத்தில் வெளிப்படையாக எழுந்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது, இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இன் தொடக்கத்தில் விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். அதுவும் மண் வெட்டிச் சுமக்கும் உடலுக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். தானியத்தின் அளவு குறைவு என்பதோடு, பருப்பும் காய்கறியும் இல்லாத வெறுந்தானியம் உடலைத் தாங்காது என்றும், அப்படித் தளர்ந்த உடல்களை ஒரே முகாமில் நெருக்கி வைத்தால் காலராவும் வயிற்றுப்போக்கும் அவர்களை வாரிக்கொண்டு போகும் என்றும் வாதிட்டார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் ஏராளமானோர் இறந்துவிட்டனர். அவர்களில் பலர் பட்டினியால் என்றல்லாமல் காலரா, பெரியம்மை, காய்ச்சல் என்ற தலைப்புகளின் கீழேயே பதிவேடுகளில் இடம்பெற்றனர். பஞ்சத்தின் சாவை நோயின் சாவாக எழுதிக்கொள்வது எந்த அரசுக்கும் வசதியானதுதான். அந்தப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களின் உழைப்பு இன்றும் தென்சென்னையில் கண்ணுக்குத் தெரிகிறது: கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, வடக்கிலும் தெற்கிலும் இருந்த உப்புநீர்க் கால்வாய்களை ஒன்றாக்கிய ஐந்து மைல் நீளப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது.

கார்னிஷ் கண்டதற்கான உடலியல் விளக்கம் அன்று யாரிடமும் இல்லை. இன்றைய அறிவின்படி, தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள், புரதமும் ஆற்றலும் குறையும்போது எண்ணிக்கையிலும் வீரியத்திலும் தேய்கின்றன. குடலின் உட்பூச்சு மெலிந்து கிருமிகளுக்கு வழிவிடுகிறது. துத்தநாகம், இரும்பு, உயிர்ச்சத்து ஏ போன்ற நுண்சத்துகளின் குறைவு இந்தத் தளர்ச்சியை மேலும் விரைவாக்குகிறது. காசநோயில் இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும். காசக்கிருமியைச் சுவாசித்தவர்களில் பெரும்பாலோருடைய நுரையீரலில் அணுக்கள் கூடி அதைச் சூழ்ந்து சிறை வைத்துவிடுகின்றன. உடல் மெலிந்தால் அந்தச் சிறைச்சுவர் இடிகிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை குறியீடு ஓர் அலகு கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 14 விழுக்காடு குறைகிறது என்று பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2010இல் கணக்கிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்த ஆராய்ச்சி நீலகிரிக்குச் சென்றது. குன்னூரில் ஆய்வகம் அமைத்த ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை அப்படியே சமைத்து எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பயறு, பச்சைக்காய் என்ற சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக அமைந்த சென்னை உணவை உண்டவை எடையில் கடைசியில் நின்றன. சத்துக்குறைந்த உணவு உண்ட கூட்டங்களில் நுரையீரல் நோய்களும் வயிற்று நோய்களும் மிகுந்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். தமிழர் உணவு முழுவதையும் இந்த எலிகளை வைத்து எடைபோட்டுவிட முடியாது. செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களில் நெல்லும் மேட்டு நிலங்களில் கேழ்வரகும் கம்பும் வரகும் விளைந்தன. அரைவயிறு உண்டவர்களானாலும் கூழும் கீரையும் உண்டவர்கள் அரிசி மட்டுமே உண்டவர்களைவிடச் சில சத்துகளில் முன்னே நின்றனர்.

அரிசியிலும் ஒரு நுட்பம் இருந்தது. நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, களத்தில் உலர்த்திய பின் குத்தும் முறையில், தவிட்டில் இருக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1 நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. அதனால்தான், பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட, தெலுங்குப் பகுதியான வடசர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் பரவியிருந்த காலத்தில், புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. மெக்காரிசனுக்குப் பின் 1935இல் குன்னூர் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு இந்தப் புழுங்கலின் பயனை அளந்து காட்டினார். புறக்கடையில் அண்டா வைத்து நெல் அவித்த பெண்களுக்குத் தயமினைத் தெரியாது. வழக்கம் அறிந்திருந்ததை ஆய்வகம் பின்னால் வந்து உறுதி செய்தது.

தாம்பரம் சானடோரியத்தை நிறுவிய டாக்டர் டேவிட் சௌரி முத்து, இந்த உணவுச் சிந்தனை உச்சத்தில் இருந்த காலத்து மனிதர். ஜெர்மனியில் ஹெர்மன் பிரேமர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிவைத்த சானடோரிய முறை, காசநோய்க்கு மருந்தே இல்லாத நிலையில், திறந்த காற்று, படுக்கை ஓய்வு, அளவுக்கு மிஞ்சிய பால், முட்டை, வெண்ணெய் ஆகியவற்றையே சிகிச்சையாகக் கொண்டது. ராபர்ட் கோக் 1882இல் காசக்கிருமியைக் கண்டறிந்த பிறகும் இந்த முறை மாறவில்லை, கிருமியைக் கண்டறிந்ததால் அதைக் கொல்லும் வழி தெரிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற சௌரி முத்து, சாமர்செட்டின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய சானடோரியம் ஒன்றை நடத்திவந்தார். அங்கே 1917இல் நோயாளியாக வந்து சேர்ந்தவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன். 1914இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலேயே இருவருக்கும் அறிமுகம் ஏற்பட்டிருந்தது.

இராமானுஜனின் நோய் உணவோடு பின்னிப் பிணைந்தது. கேம்பிரிட்ஜில் தன் அறையிலேயே சமைத்து உண்ட கண்டிப்பான சைவ உணவாளரான அவருக்கு, முதல் உலகப்போர் தொடங்கியபின் காய்கறியும் பழமும் பாலும் கிடைப்பது அரிதானது. நாள் கணக்கில் வேலையில் மூழ்கி, நேரந்தவறி உண்பதும் உண்ணாமல் விடுவதும் வழக்கமாயின. வெயில் குறைந்த நாட்டில் உயிர்ச்சத்து டி குறைவும் சேர்ந்திருக்கக்கூடும் என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. அவருக்கு வந்தது காசநோய்தான் என்று நம்பியே சானடோரியம் சானடோரியமாக மாற்றி வைத்திருந்தனர். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் அவர் இறந்தார். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக அது இருந்திருக்கலாம் என்று டி. ஏ. பி. யங் என்பவர் 1994இல் வாதிட்டார். எந்த நோயாக இருந்தாலும், மெலிந்த உடலை அது எளிதாக வென்றது. அதே போர்க்காலத்தில் டென்மார்க் நாட்டின் அனுபவம் நாடு தழுவிய ஒரு சோதனையாகவே அமைந்தது: தன் இறைச்சியையும் வெண்ணெயையும் வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தவரை அங்கே காசநோய்ச் சாவுகள் ஏறின; 1917இல் கடல்முற்றுகையால் ஏற்றுமதி தடைப்பட்டு அந்த உணவு உள்நாட்டிலேயே தங்கியதும் சாவுகள் இறங்கின.

தாயகம் திரும்பிய சௌரி முத்து 1928இல் பச்சைமலைச் சரிவைத் தேர்ந்தெடுத்ததற்கு, நகரத்தின் புகைக்கும் நெருக்கத்துக்கும் அப்பால் குன்றும் திறந்த வெளியும் இருந்ததே காரணம். 1931இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தத் தொலைவு சுருங்கியது. 1937இல் மாகாண அரசு சானடோரியத்தை ஏற்றது. நோயாளியின் எடை ஏறுகிறதா என்பதே சானடோரிய வைத்தியத்தின் அளவுகோல். அந்த அளவுகோல் தவறானதல்ல. ஆனால் எடை ஏறித் திரும்பியவர் பழைய வீட்டுக்கும் பழைய கூலிக்கும் பழைய சட்டிக்குமே திரும்பினார் என்பதற்கு அந்த வைத்தியத்தில் விடை இல்லை.

1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசினும் அதன்பின் ஐசோநியாசிடும் வந்தபோது உணவின் மதிப்பு ஒரேயடியாகச் சரிந்தது. அந்தச் சரிவுக்கான அறிவியல் முத்திரையும் சென்னையிலேயே குத்தப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் 1956இல் அமைத்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தது. ஒரு குழு சானடோரியத்தில் தங்கி ஓய்வும் நல்ல உணவும் பெற்றது. மற்றொரு குழு நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்து, இயன்ற வேலையைச் செய்து, கிடைத்ததை உண்டது. இரு குழுவுக்கும் மருந்து ஒன்றே. ஓராண்டு முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தன என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் கதவை மூடியது. வீட்டு நோயாளிகளின் உணவு தெளிவாகக் குறைவானது, அவர்களின் எடையும் அவ்வளவு ஏறவில்லை, இருந்தும் குணத்தில் குறைவில்லை என்று 1961இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது.

இது மகத்தான ஆய்வு. லட்சக்கணக்கான ஏழைகளுக்கு வேலையையும் குடும்பத்தையும் விடாமல் சிகிச்சை பெறும் உரிமையை அளித்தது. ஆனால் அதிலிருந்து பெறப்பட்ட முடிவு அது கேட்ட கேள்வியைத் தாண்டிச் சென்றது. நோய் வந்தவருக்கு மருந்து கொடுத்தால் உணவுக்குறைவு குணமடைவதைத் தடுக்குமா என்பதே கேள்வி. உணவு குறைந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட நிர்வாகம், மருந்துச் சீட்டில் உணவுக்கு இடமில்லை என்று நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டது. மாத்திரைக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது எளிது, பருப்புக்கு ஆகும் செலவு பயமூட்டுவது என்பதும் இதில் சேர்ந்திருக்க வேண்டும்.

உணவு இப்படி மறக்கப்பட்டிருந்த காலத்தில்தான், 1986இல், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன், டாக்டர் செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் கண்டறியப்பட்டன. 1990களில் பல மருத்துவமனைகள் இந்நோயாளிகளைத் திருப்பியனுப்பியபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்ட தாம்பரம் சானடோரியம் நாட்டின் மிகப்பெரிய எச்.ஐ.வி. சிகிச்சையிடங்களில் ஒன்றாக வளர்ந்தது. அங்கே வந்தவர்களைத் தாக்கியவற்றுள் முதன்மையானது காசநோய். எச்.ஐ.வி. டி அணுக்களை அழிக்கிறது, பட்டினியும் அதே அணுக்களைத் தளர்த்துகிறது. இரண்டும் ஓருடலில் கூடும்போது சிறைப்பட்டிருந்த காசக்கிருமி வெளியேறுவதில் வியப்பில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டுமருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது தாம்பரமும் முதல் மையங்களுள் இருந்தது. மிக மெலிந்த உடலோடு மருந்தைத் தொடங்குபவர்கள் முதல் மாதங்களிலேயே இறக்கும் அபாயம் கூடுதல் என்பது பல நாடுகளின் அனுபவத்தில் உறுதியானது; மாத்திரை மட்டும் போதாது என்ற எண்ணம் இவ்வாறு பின்வாசல் வழியாக மீண்டும் வந்தது.

இதற்கிடையில் உடலே மாறிக்கொண்டிருந்தது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது அது வசதியானவர்களின் நோயாகக் கருதப்பட்டது. சென்னை நகரத்தில் வளர்ந்தோரிடையே நீரிழிவு 1989இல் 8.3 விழுக்காடாக இருந்து 2004இல் 14.3 விழுக்காடாக உயர்ந்தது. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் ஆயக்கட்டு நிலங்கள் மனைகளான அதே ஆண்டுகள் இவை. நடவும் அறுவடையும் நின்றன, உடலுழைப்பு குறைந்தது; சோறு மட்டும் குறையவில்லை. நியாயவிலைக் கடையும் இருசக்கர வண்டியும் ஒருசேர வாய்த்த முதல் தலைமுறை அது. சென்னைவாசிகளின் உணவை அளந்த ஆய்வுகளில் ஆற்றலின் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி.

இதற்கும் பழைய பட்டினிக்கும் தொடர்பு அறுந்துவிடவில்லை. குறைந்த எடையில் பிறக்கும் இந்தியக் குழந்தைக்கு எடை குறைவாக இருந்தாலும் கொழுப்பின் விகிதம் குறைவதில்லை என்று புனேயில் டாக்டர் சி. எஸ். யாஜ்னிக் காட்டியிருக்கிறார். தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இத்தகைய உடல், பார்வைக்கு ஒல்லியாக இருக்கும்போதே சர்க்கரையைக் கையாளத் தடுமாறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை நீடித்து மிகும்போது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் செயல் மந்தமாகிறது. காசநோய் வரும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. தமிழ்நாட்டின் காசநோயாளிகள் 827 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 25.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் மேலும் 24.5 விழுக்காட்டினருக்கு அதற்கு முந்திய நிலையும் இருந்தன. பட்டினியின் நோய் என்று நூறாண்டு அறியப்பட்ட ஒன்று, தட்டு நிறைந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

2020இல் கொரோனா வந்தபோது இந்த மறைவான மாற்றம் நாள்தோறும் செய்தியாயிற்று. மக்கள் நல்வாழ்வுத் துறையின் மாலை அறிக்கைகள் இறந்தவரின் வயதோடு அவருக்கிருந்த நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றையும் பட்டியலிட்டதால் ‘இணை நோய்’ என்பது தெருமுனைப் பேச்சிலும் புழங்கியது. தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் தொடர்புத் தடமறிதல் தரவுகளை ஆராய்ந்து அதே ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, இறந்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததாகக் கூறியது. அடுத்த ஆண்டின் இரண்டாம் அலையில், ஸ்டீராய்டு மருந்தும் கட்டுப்படாத சர்க்கரையும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நோய் கண்ணையும் தாடையையும் அரித்தது. சானடோரியத்துக்கு அருகிலேயே உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வழியாகவும் அரசின் வழியாகவும் கபசுரக் குடிநீர் வீடு வீடாகச் சென்றது. நோய் வந்தபின் எதிர்ப்புச்சக்தியைத் தேடிய அந்த அவசரத்தில், பத்தாண்டு இருபதாண்டாகத் தட்டில் என்ன இருந்தது என்ற பேச்சு எழவே இல்லை எனலாம்.

உணவை மீண்டும் மருத்துவத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தது ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நடத்திய இதில், ஒரு காலத்தில் உணவை ஒதுக்கிய அதே சேத்துப்பட்டு மையம், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற புதிய பெயரில் பங்கேற்றது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்ததில், அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடும், பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடும் குறைந்தன என்று 2023இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. பல தடுப்பூசிகள் தரத் தவறிய பயன் இது. செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானோரிடம் நடந்த பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை பெரியவர்களுக்கு ஏற்படும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் நோயாளியின் உயரமும் எடையும் அளக்கப்பட்டு, கால்வீக்கம், மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன், துணையின்றி நிற்கும் திறன் ஆகியவை ஓர் அட்டையில் குறிக்கப்படுகின்றன. உடல் நிறை குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அவர் கடும் சத்துக்குறைவுள்ளவராகக் கருதப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு வழங்கும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக இருக்கிறது. இவை நோய் வந்தவருக்கானவை. நோய் வராமல் காக்கும் இடம் நியாயவிலைக் கடை. அங்கே அரிசி விலையின்றிக் கிடைக்கிறது, துவரம்பருப்போ ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோதான். ஜார்க்கண்டில் பயன் தந்த பருப்பு, பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றரைக் கிலோ.